வான்கூவரில் காணாமல் போன 574 புள்ளிகள்

போன வாரம் புரோசார்ட் அறையில் உட்கார்ந்து, ஆய்வுக்கான டேட்டாவைப் புள்ளியியல் மென்பொருளுக்குள் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒன்பது இலக்க அடையாள எண்கள். ஏற்றி முடிச்சு எண்ணிப் பார்த்தா ஆள் குறையுது! உதாரணத்துக்கு 123456789, 123456790 ரெண்டு பேரும் 123456792 என்ற ஒரே ஆளாக மாறியிருந்தார்கள். ஒருத்தர் வருமானம் இன்னொருத்தர் தலையில். கவனிக்காமல் விட்டிருந்தால் ஆய்வு முடிவே பொய்.

தப்பு என்னோடதுதான். அந்தப் பத்தியை ஒற்றைத் துல்லியத்தில் (சிங்கிள் பிரிசிஷன்) வைத்துவிட்டேன். அதில் எண்ணுக்கு 24 பிட்தான் இடம். 1,67,77,216-ஐத் தாண்டினால் எல்லா முழு எண்ணும் அதில் உட்காராது. பக்கத்தில் உள்ள எண்ணுக்குச் சத்தமில்லாமல் நகர்ந்துவிடும்.

சின்னப் பிசகு என்ன பண்ணும் என்பதற்கு இதே கனடாவில் ஒரு பழைய கதை இருக்கு.

1982 ஜனவரியில் வான்கூவர் பங்குச்சந்தை புதுக் குறியீட்டெண் ஒன்றை 1000.000 என்று தொடங்கியது. ஒவ்வொரு வியாபாரம் முடிந்ததும் அதைத் திருத்தி, மூன்று தசம இடத்தோடு நிறுத்த வேண்டும். மிச்ச இலக்கங்களை ரவுண்ட் பண்ணாமல் அப்படியே வெட்டிவிட்டார்கள். ரவுண்ட் பண்ணினால் ஒரு தடவை கூடும், ஒரு தடவை குறையும், கடைசியில் சரிக்குச் சரி. வெட்டினால் எப்பவும் குறையும். தடவைக்கு இழப்பு சராசரியாக 0.0005-ஐ ஒட்டித்தான். ஆனா ஒரு நாளைக்குச் சுமார் 2,800 தடவை! 1983 நவம்பர் கடைசியில் குறியீட்டெண் 524.811-ல் நின்றது. ஒழுங்காகக் கணக்குப் போட்டதும் 1098.892. பாதிச் சந்தையைக் கணக்கே தின்றிருந்தது.

அங்கே வெட்டியது மனுஷன் எழுதிய நிரல். ஃப்ளோட்டிங் பாயிண்டில் கணினியே இடம் போதாமல் எண்ணைச் சுருக்கிக்கொள்கிறது. நம்ம பழைய பின்னங்களை வைத்தே சொல்லலாம். அரை, கால், அரைக்கால், வீசம் (1/16) எல்லாம் இரண்டால் வகுத்து வந்தவை, கணினிக்குள் கச்சிதமாக உட்காரும். மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) உட்காராது. 0.1-ம் அப்படித்தான். நாம் 1/3-ஐ 0.333... என்று முடிவில்லாமல் எழுதுகிற மாதிரி, இரும எண்ணில் அது ஓடிக்கொண்டே இருக்கும். எங்கேயாவது நிறுத்தித்தான் ஆகணும்.

எங்கே, எப்படி நிறுத்துவது என்பதில் ஒரு காலத்தில் கம்பெனிக்குக் கம்பெனி வேற வழக்கம். ஒரே கணக்குக்கு இரண்டு எந்திரம் இரண்டு விடை தரும். இதை ஒழுங்குக்குக் கொண்டுவந்த ஐஇஇஇ 754 தரம் வந்தது 1985-ல். அதற்கு மூளையாக இருந்த வில்லியம் கஹான், டொராண்டோவில் பிறந்த கனடாக்காரர். 1989-ல் டூரிங் விருது வாங்கினார். ரவுண்ட் பண்ணும்போது ஒரே பக்கமாகச் சாயக் கூடாது என்பதும் அந்தத் தரத்தில் இருக்கு. அதாவது, வான்கூவரில் தப்பிய அதே பாடம்.

இப்ப நான் அடையாள எண்ணை எழுத்தாகத்தான் படிக்க வைக்கிறேன். தசம எண்ணுக்கு இரட்டைத் துல்லியம். ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் தலை எண்ணுகிறேன். திரையில் தெரிகிற எண்தான் உள்ளே இருக்கிற எண் என்று நம்புவதை விட்டாச்சு.

உங்களுக்கு இப்படிக் காணாமல் போன ஆட்கள் உண்டா? பின்னூட்டத்தில் சொல்லுங்க மக்களே :-)