ஜீப்புக்கு ஒரு வீடு

ரொம்ப நாளாக எழுதவில்லை. குவார்ட்டர் முடிவு, ஆடிட், பிறகு இங்கே மெல்போர்னின் குளிர் என்று ஆயிரம் சாக்கு. இன்றைக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், ஊரிலிருந்து தம்பி பண்ணின போன்.

"அண்ணா, ஷெட்டு ஓடு பாதி பறந்துருச்சு. ஜீப்புல மழ எறங்குது. பொள்ளாச்சிக்காரர் ஒருத்தர் வந்து பாத்துட்டுப் போனாரு. வெலை நல்லாத்தான் சொல்றாரு. என்ன பண்ணட்டும்?"

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. கேரளாதான், ஆனால் டீக்கடையில் தமிழ், பஸ்ஸில் தமிழ், பாதிக் கல்யாணப் பத்திரிகையும் தமிழ். ஜீப் அப்பாவுடையது. மஹிந்திரா சி.ஜே. 3பி, 1974 மாடல். அப்பா போய் ஏழு வருஷமாகிறது. அது ஓடி அதற்கும் மேலே ஆகிறது.

விற்காதே என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசனை வந்தது, வைத்துக்கொண்டு என்ன செய்வதாம்? தங்கமணியும் அதையேதான் கேட்டார். இங்கே வீட்டோடு ஒட்டி கராஜ் இருக்கிறது, அதில் அரிசி மூட்டையும் காலிப் பெட்டிகளும் இருக்கின்றன, கார் தெருவில் நனைகிறது. இந்த லட்சணத்தில் ஊரில் ஒரு கராஜ் கட்டப் போகிறாராம் துரை! சரிதான். ஆனால் வருடத்துக்கு ஒருமுறை ஐந்து வாரம் ஊருக்குப் போகிறேன். ரிடையர் ஆன பிறகு இன்னும் கூடுதலாக. ஜீப்பை நானே பிரித்து, நானே மாட்ட வேண்டும் என்று பத்து வயதிலிருந்து ஆசை. படித்தது பி.காம். கை பழகினது லெட்ஜரோடு.

பிரித்து மாட்டும் ஆசைக்கு எங்கள் பக்கத்தில் ஒரு மூதாதையர் உண்டு. ஜி.டி. நாயுடு. 1893-இல் கோவைக்கு அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோவைக்குப் போய் ஹோட்டலில் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்து, 300 ரூபாய்க்கு அந்த வண்டியையே வாங்கினார். நாமாக இருந்தால் வாங்கியதும் மாமியார் வீட்டுக்கு ஓட்டிப் போயிருப்போம். அவர் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டு, திரும்ப மாட்டினார். 1920-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் கைகொடுக்க ஒரு பஸ் வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே விட்டார். அதுதான் யூ.எம்.எஸ். என்கிற பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது. பொள்ளாச்சி எங்கள் ஊருக்கு எட்டிப் பிடிக்கிற தூரம். அப்பாவின் தலைமுறைக்கு 'நாயுடு பஸ்' என்றால் ஒரு மரியாதை.

இதேபோல அமெரிக்காவில் ஒருத்தர். வால்டர் கிரைஸ்லர், ரயில்வே மெக்கானிக். 1908-இல் சிகாகோ கார் கண்காட்சியில் லோகோமொபைல் என்ற 5,000 டாலர் காரைப் பார்த்தார். கையில் இருந்தது 700 டாலர். மீதி 4,300 டாலரை வங்கியில் கடன் வாங்கினார். காரை ரயிலில் ஏற்றித் தன் ஊருக்குக் கொண்டுபோய், வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் நிறுத்தி, திரும்பத் திரும்பப் பிரித்து மாட்டினார். மூன்று மாதம் வரை தெருவில் இறக்கவே இல்லையாம். மனைவியின் நிலைமையை நினைத்துப் பார்க்கிறேன். அதைவிட, அந்தக் கடனைக் கொடுத்த மேனேஜரை நினைத்துப் பார்க்கிறேன். மாதச் சம்பளக்காரன், ஓட்டத் தெரியாத காருக்குப் பெரிய கடன் கேட்கிறான், காரணம் கேட்டால் 'பிரித்துப் பார்க்க' என்கிறான். என் மேஜைக்கு அந்த விண்ணப்பம் வந்திருந்தால் சத்தியமாக நிராகரித்திருப்பேன்.

நம் ஜீப்பின் கதைக்கு வருகிறேன். அது எங்கள் சமவெளிக்கு வந்ததே இடுக்கி மலையிலிருந்துதான்.

பாலக்காடும் இடுக்கியும் ஒரே மாநிலம் என்றாலும் ஒட்டிக்கொண்டிருக்கும் மாவட்டங்கள் இல்லை. நடுவே ஆனைமலை. எங்கள் ஊரிலிருந்து மூணாறு போக, பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் என்று தமிழ்நாட்டுக்குள் புகுந்துதான் திரும்பக் கேரளா ஏற வேண்டும். அம்மாவின் அண்ணன், மாமா, போடிநாயக்கனூரில் இருந்தார். போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறினால் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று ஏலத் தோட்டங்கள். அவரிடம் ஜீப் இருந்தது. விடியற்காலையில் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறி, சாயந்தரம் இறங்குவார். எத்தனை பேரை ஏற்றுவார் என்று எழுதினால் இன்றைக்கும் யாராவது அவர் மேல் கேஸ் போடுவார்கள்.

அந்த மலைக்கு ஜீப்புக்கு முன்னால் என்ன இருந்தது தெரியுமா? ரயில்! மூணாறில் 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் வந்தது. முதலில் ஒற்றைத் தண்டவாளம். மாடுகள் இழுத்தன. 1908-இல் அதை இரண்டடி அகல நேரோ கேஜாக மாற்றி நீராவி இன்ஜின் விட்டார்கள். டீ பெட்டிகள் ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை போகும். அங்கிருந்து ரோப்வேயில் தொங்கிக்கொண்டு கீழே கொட்டகுடிக்கு இறங்கும். அங்கிருந்து போடி. 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம் அத்தனையையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. திரும்பப் போடவே இல்லை. அதற்கப்புறம் ரோடுதான் கதி. தோட்டத்துக்குள் ரோடு என்று சொல்வது மரியாதைக்காக. மழை பெய்தால் ஓடை, வெயில் அடித்தால் பாறை.

அங்கேதான் ஜீப் வந்து உட்கார்ந்தது. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் பிறந்த வண்டி, நாலு சக்கரமும் இழுக்கும். 1945-இல் மஹிந்திரா அண்டு முகம்மது என்று தொடங்கிய கம்பெனிதான் வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்ட ஆரம்பித்தது. பங்குதாரர் குலாம் முகம்மது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகப் போய்விட, 1948-இல் பெயர் மஹிந்திரா அண்டு மஹிந்திரா ஆனது. (பார்ட்னர்ஷிப் டீட் பாடம் எடுத்த எங்கள் காலேஜ் வாத்தியார் இந்த உதாரணத்தைச் சொல்லியிருந்தால் நான் தூங்கியிருக்க மாட்டேன்.) சி.ஜே. 3பி அமெரிக்காவில் 1953-இல் வந்து 1968-இல் நின்றுவிட்டது. நம் ஊரில் அதற்கப்புறமும் பல வருஷம் செய்துகொண்டே இருந்தார்கள். பானெட் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். உள்ளே இருக்கும் ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜின் உயரமானது என்பதால் பானெட்டை உயர்த்தியிருக்கிறார்கள். அந்த உயரமான நெற்றிதான் எனக்கு அதில் பிடித்ததே.

அப்பா இதை மாமா மூலமாக ஒரு ஏலத் தோட்டத்திலிருந்து செகண்ட் ஹேண்டாக வாங்கினார், எண்பதுகளின் தொடக்கத்தில். பெட்ரோலை அது குடித்த குடியில் முதல் வருஷமே அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. அப்பா ஒரு முடிவு எடுத்தார். ஹரிக்கேனைக் கழற்றி விற்றுவிட்டு, டிராக்டர் வழி வந்த டீசல் இன்ஜினைப் போட்டார். அப்போது மலையிலும் சமவெளியிலும் பாதிப் பேர் இதைத்தான் செய்தார்கள். லேத்தில் அடாப்டர் கடைந்து, இன்ஜின் மவுண்டை வெட்டி வெல்டு வைத்து, எங்கள் வீட்டுப் புளியமரக் கிளையில் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டு இறக்கினார்கள். கிளை முறியுமா முறியாதா என்று ஊரே நின்று பார்த்தது. முறியவில்லை. ஆர்.சி. புத்தகத்திலும் டீசல் என்று முறையாகப் பதிந்து வாங்கினார் அப்பா. தக்காளியும் நிலக்கடலையும் சந்தைக்குப் போனது அந்த டீசலில்தான். என் காலேஜ் ஃபீஸும்.

சிக்கல் இங்கேதான். 2021-இல் மத்திய அரசு பழைய வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. 50 வயது தாண்டிய காரும் பைக்கும் 'வின்டேஜ்' என்று பதிந்துகொள்ளலாம். நம்பரில் 'வி.ஏ.' என்று எழுத்து வரும். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். புதுப்பிக்க 5,000. கண்காட்சி, பேரணி, ரிப்பேர், எண்ணெய் போட என்று தவிர ரோட்டில் சாதாரணமாக ஓட்டக்கூடாது. 1974 மாடல் என்பதால் வயது கணக்கில் நம் ஜீப் பாஸ். ஆனால் சேஸி, பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது, ஒரிஜினலாக இருக்க வேண்டும் என்கிறது விதி. அப்பா கழற்றி விற்ற ஹரிக்கேனைத் தேடிப் பிடித்துத் திரும்பப் போட்டால்தான் 'வின்டேஜ்'. இல்லாவிட்டால் சாதாரண மறுபதிவு. 2025 ஆகஸ்டில் அதற்கும் கட்டணத்தைக் கூட்டினார்கள், 20 வருஷம் தாண்டிய காருக்கு 10,000. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஃபிட்னஸ், மேலே வரி.

இரண்டு வாரம் இதில் தூக்கம் போனது. ஜீப் சங்கத்து ஆட்கள் எல்லோரும் ஒரிஜினல்தான் மதிப்பு என்கிறார்கள். பொள்ளாச்சிக்காரர் சொன்ன விலையும் ஒரிஜினல் ஆக்கலாம் என்ற கணக்கில்தான். ஒரு கட்டத்தில் ஹரிக்கேன் இன்ஜின் எங்கே கிடைக்கும் என்று இரண்டு பேரிடம் விலைகூடக் கேட்டுவிட்டேன். பிறகு தம்பியிடம் சொன்னபோது அவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "அப்பா போட்ட இன்ஜினக் கழட்டவா?" என்றான். அவ்வளவுதான். டீசல் இருக்கட்டும், மறுபதிவே செய்துகொள்வோம் என்று முடிவாகிவிட்டது.

இனி ஷெட். முதலில் இடம். நம் கேரளாவில் வில்லேஜ் ஆபீஸ் ரெக்கார்டில் 'நிலம்' என்று இருந்தால் 2008 சட்டப்படி கட்டடம் கட்டுவதில் சிக்கல் வரும். எங்களுடையது 'புரயிடம்', தப்பித்தோம். ஊரில் ஷெட் போட நினைக்கும் வெளிநாட்டு நண்பர்கள் கடப்பாரை எடுப்பதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது காற்று. பாலக்காட்டுக் கணவாய் நேர் வாயில் இருக்கிறோம். ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும், மார்கழி தையில் கிழக்கிலிருந்து மண்ணோடு அடிக்கும். இன்ஜினைத் திறந்து வைத்து வேலை செய்யும் இடத்தில் மண் வந்தால் கதை முடிந்தது. பழைய ஷெட்டின் வாசல் கிழக்கே பார்த்தது, அதனால்தான் ஓடு பறந்தது. புது வாசல் வடக்கே.

அளவு: ஜீப் 11 அடிக்குள் அடங்கும். ஆனால் சுற்றிலும் ஆள் குனிந்து நிமிர மூன்றடியாவது வேண்டும், பின்னால் மேஜை, வைஸ், டூல்ஸ் பலகை. 20க்கு 14 அடி என்று வரைந்திருக்கிறேன். குழி வேண்டுமா என்று பெரிய விவாதம். தம்பிக்குக் குழி வேண்டும், ஊர் மெக்கானிக்குக் கட்டாயம் வேண்டும். எனக்குப் பயம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, குழியில் போய்த் தங்கும். ஒரு பொறி போதும். டீசல் வண்டிதானே என்கிறான் தம்பி. நாளைக்கு அவன் பைக்கையும் அங்கேதான் நிறுத்துவான் என்று எனக்குத் தெரியும். கடைசியில் குழி இல்லை, வண்டியைத் தூக்கி நிறுத்த நாலு உறுதியான ஸ்டாண்டு என்று ஒப்பந்தம். ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு எவனும் அடியில் போகக்கூடாது என்று சுவரில் எழுதச் சொல்லியிருக்கிறேன். இன்ஜின் தூக்க இரும்பு பீம் ஒன்று, ஒரு டன் செயின் பிளாக். புளியமரத்துக்கு வயதாகிவிட்டது.

கதவைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. ஹென்றி ஃபோர்டு 1896 ஜூனில் டெட்ராய்டில், வாடகை வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் தன் முதல் வண்டியைச் செய்து முடித்தார். முடித்துவிட்டுப் பார்த்தால் வண்டி கதவைவிட அகலம்! கோடாலியை எடுத்துச் செங்கல் சுவரை உடைத்துத்தான் வெளியே கொண்டுவந்தார். அத்தனை பெரிய மூளைக்கே கதவு மறந்துபோயிருக்கிறது. எங்கள் கொத்தனார் எட்டடி போதும் என்றார். பத்தடி என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.

நவம்பரில் போகிறேன். அதற்குள் தளம் காய்ந்துவிடும் என்கிறான் தம்பி. ஒரு விஷயம், 3பி-யின் பின் கதவு ஒரிஜினல் எங்களுடையது துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. தேனி, கம்பம் பக்கமோ, கட்டப்பனை, நெடுங்கண்டம் பக்கமோ பழைய ஜீப் உடைக்கிற இடம் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.