சொன்ன பிறகு வரும் மௌனம்: பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தைகளின் பின்வாங்கல் பற்றி

குழந்தைகள் மீதான பாலியல் வன்முறை பற்றிய நம் எழுத்துகள் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றி வருகின்றன: குழந்தை ஏன் சொல்வதில்லை? மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், 13 மாநிலங்களில் விசாரிக்கப்பட்ட 12,447 குழந்தைகளில் 53.22 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகைப் பாலியல் வன்முறைக்கு ஆளானதாகத் தெரியவந்தது. அவர்களில் பெரும்பாலோர் அதை யாரிடமும் சொல்லவில்லை. அச்சம், வெட்கம், குடும்ப மானம் என்று இதற்குச் சொல்லப்பட்ட காரணங்களை நான் மறுக்கவில்லை. குழந்தை ஒருமுறை வாய் திறந்துவிட்டால் மௌனம் உடைந்துவிட்டது என்று அந்த எழுத்துகள் கேள்வியின்றி எடுத்துக்கொள்வதைத்தான் மறுக்கிறேன்.

சொன்ன குழந்தை பிறகு மறுப்பதுண்டு. போக்சோ எனப்படும், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின்கீழ் இயங்கும் நீதிமன்றங்களில் நடமாடும் எவருக்கும் இது தெரியும். மாஜிஸ்திரேட்டிடம் தெளிவாக வாக்குமூலம் கொடுத்த சிறுமி, சாட்சிக் கூண்டில் தலை குனிந்து, அப்படி எதுவும் நடக்கவில்லை என்கிறாள். அரசு வழக்கறிஞர் அவளைப் பிறழ்சாட்சியாகக் கருத அனுமதி கேட்கிறார். சற்று நேரத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. இந்த மறுப்பை எப்படி வாசிப்பது?

ரோலண்ட் சம்மிட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1983இல் எழுதிய கட்டுரையில், பின்வாங்கலை வன்முறைக்கு ஆளான குழந்தையின் இயல்பான நடத்தைகளுள் ஒன்றாக வைத்தார். அது மருத்துவ அனுபவத்திலிருந்து எழுந்த சித்திரிப்பே தவிர, வன்முறை நடந்ததைக் கண்டறியும் சோதனையல்ல. சம்மிட்டே பின்னாளில் இதை வலியுறுத்த வேண்டியிருந்தது. இந்தப் பலவீனத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு மாற்றுத் தரப்பு வலுப்பெற்றது. உறுதிப்பட்ட வழக்குகளில் பின்வாங்கல் அரிது, ஆகவே குழந்தை பின்வாங்கினால் முதலில் சொன்னதையே ஐயப்பட வேண்டும் என்பது அத்தரப்பின் வாதம். நம் நீதிமன்ற வாதங்களிலும் இதன் எதிரொலியைக் கேட்கலாம்.

இந்த இடத்தில்தான் மல்லாய், லயன், குவாஸ் ஆகிய மூவரும் 2007இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வை நிதானமாக வாசிக்க வேண்டியிருக்கிறது. 2 முதல் 17 வயதுவரையிலான குழந்தைகளின் 257 வழக்குக் கோப்புகள். அனைத்தும் விசாரணையில் உறுதிப்பட்டவை. அவற்றில் 23.1 விழுக்காட்டுக் குழந்தைகள் ஒரு கட்டத்திலாவது பின்வாங்கியிருந்தனர். அரிது என்ற சொல் இங்கே நிற்காது. ஆனால் என் வாதத்துக்கு இந்த விழுக்காட்டைவிட, பின்வாங்கியவர்கள் யார் என்பதே முக்கியம். வயதில் சிறியவர்கள், பெற்றோர் நிலையில் இருந்தவரால் வன்முறைக்கு ஆளானவர்கள், வன்முறையில் பங்கில்லாத மற்றப் பெற்றோரின் ஆதரவு கிடைக்காதவர்கள். புகார் பொய் என்பதால் குழந்தைகள் பின்வாங்குகிறார்கள் என்றால், வேறு சான்றுகள் குறைவாக உள்ள வழக்குகளில்தான் பின்வாங்கல் குவிந்திருக்க வேண்டும். அப்படி இல்லை. குழந்தை யாரை நம்பி வாழ்கிறதோ, அவர்கள் நிற்கும் பக்கத்தைப் பொறுத்தே பின்வாங்கல் கூடியும் குறைந்தும் வருகிறது.

உறுதிப்பட்ட வழக்குகளை மட்டும் எடுத்தது சுற்று வாதம் ஆகாதா என்று கேட்கலாம். விகிதத்தைப் பொறுத்தவரை இந்த ஆட்சேபத்துக்கு ஓரளவு வலு உண்டு, 23.1 என்ற எண்ணை வேறு இடங்களுக்கு அப்படியே எடுத்துச் செல்ல நானும் துணிய மாட்டேன். ஆனால் பின்வாங்கல் எந்தப் பக்கம் குவிகிறது என்பதை அந்த ஆட்சேபம் விளக்கவில்லை. 2016இல் வந்த தொடராய்வும் இதே திசையைத்தான் காட்டியது: வன்முறையில் பங்கில்லாத பெற்றோரைத் தவிர்த்த மற்ற உறவினர்கள் நம்பினால் பின்வாங்கல் குறைந்தது, நம்பாவிட்டால் கூடியது. அமெரிக்கக் குடும்பம் வேறு, நம் குடும்பம் வேறு என்பது இன்னோர் ஆட்சேபம். சித்தப்பா, மாமா, பாட்டி என்று குழந்தையைச் சூழ்ந்திருப்போர் இங்கே அதிகம் என்பதால் இந்த முடிவு நமக்கு இன்னும் கூடுதலாகவே பொருந்தும்.

மல்லாய் குழுவின் 2007 ஆய்வை மேற்கோள் காட்டுவோர் பலர் அதை வைத்துத் தாயைக் குற்றவாளியாக்குகிறார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. தாய் துணை நின்றாளா என்பதைக் கோப்பு சொல்லும்; ஏன் நிற்கவில்லை என்பதைச் சொல்லாது. கணவன் சிறைக்குப் போனால் அடுத்த மாத வாடகையை யார் கொடுப்பது, வெளியே தெரிந்தால் நாளைக்கு இவளைக் கட்டிக்கொள்வது யார் என்று மாமியார் கேட்கும் வீட்டில், தாயும் குழந்தையைப் போலவே பிறர் கையை எதிர்பார்த்து வாழ்பவள்தான். குழந்தையின் பின்வாங்கலுக்கு முன்பே தாயின் பின்வாங்கல் நடந்து முடிந்திருக்கிறது.

குழந்தைக்கு முன்பே குடும்பம் பின்வாங்குவதை ஒரு ராஜஸ்தான் வழக்கு வெளிப்படையாகக் காட்டுகிறது. ஆசிரியர் ஒருவர் மீது போக்சோ புகார் கொடுத்த தந்தையே, தவறான புரிதலால் புகார் கொடுத்துவிட்டதாகப் பிறகு முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்தார். உயர் நீதிமன்றம் அதை ஏற்று முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை நீக்கி, இத்தகைய குற்றத்தைச் சமரசத்தால் முடித்துவிட முடியாது என்றது. மிகச் சரியான தீர்ப்பு. எனினும் வழக்கு உயிர் பெற்றதாலேயே குழந்தையின் சொல் உயிர் பெற்றுவிடாது. சமரசம் பேசிய அதே வீட்டிலிருந்துதான் அவள் சாட்சி சொல்ல வர வேண்டும்.

வீட்டின் இந்த அழுத்தத்தைச் சட்டம் அறியாமல் இல்லை. நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு எடுத்துக்கொண்ட 30 நாட்களுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது போக்சோ சட்டத்தின் 35ஆம் பிரிவு. தாமதம் என்பது வெறும் நிர்வாகக் குறையல்ல. பின்வாங்கலுக்கான அழுத்தம் வேலை செய்யக் கிடைக்கும் அவகாசமும் அதுதான். ஆனால் நம் கவனமெல்லாம் 19ஆம் பிரிவின் மீதே இருக்கிறது. குற்றம் தெரிந்தவர் புகார் செய்தே ஆக வேண்டும் என்ற அந்தக் கட்டாயம் வழக்கைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுவரும். அன்றிரவு குழந்தை திரும்பிப் போகும் வீட்டை அந்தக் கட்டாயம் மட்டும் மாற்றிவிடாது. அந்த இடைவெளியை ஓரளவு நிரப்புபவை 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகள். குழந்தைகள் நலக் குழு நியமிக்கும் ஆதரவு நபர் வழக்கு முடியும்வரை உடனிருக்கலாம். சிறப்பு நீதிமன்றம் இடைக்கால இழப்பீடு வழங்கலாம். இந்த இழப்பீட்டைக் கருணைத் தொகையாகப் பார்ப்பது தவறு. வாடகைக்கு வழியிருந்தால் தாய் குழந்தையின் பக்கம் நிற்க முடியும் என்ற அளவில், அது சாட்சியத்துக்கான பாதுகாப்பும் ஆகும்.

அதே விதிகளின்படி, குழந்தையின் நிலையையும் குடும்பச் சூழலையும் பற்றி ஆதரவு நபரிடமிருந்து மாதந்தோறும் அறிக்கை பெற வேண்டும். வீட்டில் யார் நம்புகிறார்கள், யார் மிரட்டுகிறார்கள், செலவுக்கு யார் கொடுக்கிறார்கள் என்ற விவரங்கள் அதில் இடம்பெற்றால், அடையாளங்களை நீக்கி அவற்றை நீதிமன்றச் சாட்சியங்களோடு வரிசைப்படுத்திப் பார்க்கலாம். மேலே சொன்ன வாதம் நம் மண்ணில் எந்த அளவுக்கு நிற்கும் என்பதை அந்த ஒப்பீட்டில்தான் சோதிக்க முடியும்.