மச்சு பிச்சுவை எட்டும் பாதைகள்

பெரு நாட்டின் குஸ்கோ நகரிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவில், உருபாம்பா ஆறு மூன்று பக்கமும் வளைந்தோடும் ஒரு மலை முதுகின் மேல், 2,430 மீட்டர் உயரத்தில் இருக்கிறது மச்சு பிச்சு. இன்கா அரசர் காலத்துக் கல் ஊர் இது. இன்று இங்கே போக நினைப்பவருக்கு மூன்று வழிகள் உண்டு. ரயிலில் போகலாம், பழைய இன்காப் பாதையில் நான்கு நாள் நடக்கலாம், மலையைச் சுற்றிப் பேருந்தில் போய்ப் பின்புறமாக நடந்தும் வரலாம். இவற்றில் எதுவும் சுற்றுலாப் பயணிக்காக உண்டானதல்ல. அரசனின் பரிவாரம் நடக்க ஒன்று, தோட்ட விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டுவர ஒன்று, மண்சரிவு வேறு வழியில்லாமல் ஆக்கியதால் ஒன்று என்று அவை பிறந்தன. ஆற்றங்கரையிலிருந்து ஊர்வாசல் வரை ஏறும் கடைசிச் சாலை மட்டுமே பார்க்க வருவோரை எண்ணிப் போட்டது.

இந்த ஊரைக் கட்டியவர் பச்சாகுட்டி. குஸ்கோவைச் சுற்றியிருந்த சிறிய அரசை ஆண்டிஸ் மலைத்தொடர் நெடுகப் பரவிய பேரரசாக மாற்றத் தொடங்கியவர் அவரே. அவர் 1438இல் பட்டத்துக்கு வந்தார் என்று பழைய வரலாற்று நூல்கள் கணக்கிட்டன. ஆனால் இங்கே கிடைத்த எலும்புகளின் கரிமக் காலக்கணிப்பு, 1420 அளவிலேயே இங்கு மக்கள் வாழ்ந்ததாக 2021இல் காட்டியது. வென்ற நிலத்தில் அரசர் தமக்கென்று தனி மாளிகையும் வயலும் அமைத்துக்கொள்வது இன்கா வழக்கம். மச்சு பிச்சு அப்படி அமைந்த அரச எஸ்டேட். 1568ஆம் ஆண்டின் ஸ்பானிய ஆவணம் ஒன்று இப்பகுதி நிலங்களைப் பச்சாகுட்டிக்கு உரியவையாகக் குறிக்கிறது. குஸ்கோவின் குளிரிலிருந்து விலகி அரசரும் உறவினரும் சில காலம் தங்கிப்போன இடமாக இதைக் கொள்வதே பொருத்தம். நிறைந்திருந்த காலத்திலும் இங்கே இருந்தவர்கள் ஏறத்தாழ 750 பேர்தான்.

அந்த 750 பேரில் பெரும்பாலோர் பணியாளர்கள். அவர்களின் கல்லறைகளில் கிடைத்த எலும்புகளை வைத்துச் செய்த டி.என்.ஏ. ஆய்வு 2023இல் வெளியானது. கடலோரப் பாலை நிலத்திலிருந்தும் மலைமேட்டிலிருந்தும் அமேசான் காட்டு விளிம்பிலிருந்தும் வந்தவர்கள் அவர்களுள் இருந்தார்கள். பேரரசின் மூலைமுடுக்கெல்லாம் பிறந்தவர்கள் ஒரு சிறு மலையூரில் சேர்ந்து உழைத்து அங்கேயே அடங்கியிருக்கிறார்கள். மச்சு பிச்சுவைப் பற்றி இதுவரை தெரியவந்தவற்றுள் மனதை மிகவும் அசைப்பது இதுதான்.

ஊரின் உண்மையான வேலைப்பாடு கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்கடியில் இருக்கிறது. ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 2,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் செங்குத்துச் சரிவு இது. அடித்தளம் சரியில்லாவிட்டால் சில மழைக்காலங்களிலேயே எல்லாம் ஆற்றுக்குள் போயிருக்கும். இங்கே பல ஆண்டுகள் ஆராய்ந்த நீரியல் பொறியாளர் கென்னத் ரைட், கட்டுமான உழைப்பில் ஏறத்தாழ 60 விழுக்காடு தரைக்குக் கீழே போயிருக்கிறது என்று மதிப்பிட்டார். படிக்கட்டு வயல்களைத் தோண்டிப் பார்த்தால் அடியில் பெருங்கற்கள், அதன்மேல் சரளை, அதன்மேல் மணல் கலந்த மண், எல்லாவற்றுக்கும் மேலே வெளியிலிருந்து சுமந்து வந்து கொட்டிய வளமான மண் என்று அடுக்கு மாறாமல் இருக்கும். மழைநீர் தேங்காமல் வடிந்து இறங்கும். குடிநீருக்குத் தனி ஏற்பாடு. மலைச்சரிவில் ஊறும் ஊற்றிலிருந்து 749 மீட்டர் நீளக் கல்வாய்க்கால் ஊருக்குள் வந்து, படிப்படியாக இறங்கும் 16 கல்தொட்டிகளில் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு விழுகிறது. முதல் தொட்டி அரசரின் இருப்பிடத்தை ஒட்டியது; பிறர் தொடாத நீர் முதலில் அவருக்கே போயிற்று. இரும்புக் கருவியும் சக்கரமும் இல்லாத மக்கள், கடினமான கல்லாலும் வெண்கலத்தாலும் இதைச் செய்து முடித்தார்கள். சுவருக்கான கருங்கல் அந்த மலை முதுகிலேயே கிடைத்தது. உடைத்தும் உடைக்காமலும் அவர்கள் விட்டுப்போன பாறைகள் ஊரின் நடுவே இன்றும் குவிந்து கிடக்கின்றன.

இங்கே வந்து சேரும் சாலை, பேரரசின் பெருஞ்சாலை வலையில் ஒரு கிளை. காபாக் நியான் எனப்படும் அந்த வலை, இன்றைய கொலம்பியாவின் தென்கோடியிலிருந்து சிலி, அர்ஜென்டினா வரை 30,000 கி.மீ.க்கு மேல் ஓடியது. ஒருநாள் நடைத் தொலைவுக்கு ஒன்றாகத் தம்போ என்னும் தங்குமடங்கள், செய்தி கொண்டுசெல்லும் சாஸ்கி ஓட்டக்காரர்கள், புல்லால் திரித்த கயிற்றுப் பாலங்கள் என்று அது இயங்கியது. ஆனால் அது பொதுமக்களின் சாலையாக இருக்கவில்லை. படையும் அதிகாரிகளும் அரசுச் சுமை கொண்டுசெல்லும் லாமா மந்தைகளும் போவதற்கானது. சாதாரணக் குடியானவர் அரசின் உத்தரவில்லாமல் அதில் கால்வைக்க முடியாது, பாலங்களில் காவல் இருந்தது. இன்றும் அனுமதிச் சீட்டும் பாஸ்போர்ட்டும் காட்டாமல் மச்சு பிச்சுவுக்கு வரும் அந்தக் கிளைப் பாதையில் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது. காரணம்தான் வேறு.

1532 நவம்பரில் பிசாரோவின் ஸ்பானியப் படை காகாமார்கா நகரில் அதாவால்பா மன்னரைச் சிறைபிடித்தது; அடுத்த ஆண்டு அவரைக் கொன்றது. 1536இல் கிளர்ந்தெழுந்த மாங்கோ இன்கா, ஒல்லாந்தாய்தம்போ கோட்டையிலிருந்து எதிரிகளை ஒருமுறை விரட்டியடித்தார். பிறகு மேலும் உள்ளே, காடடர்ந்த வில்காபாம்பாவுக்குப் பின்வாங்கினார். அந்தக் கடைசி அரசும் 1572இல் வீழ்ந்தது. அதன் மன்னர் முதலாம் துபாக் அமாருவின் தலை குஸ்கோவின் சதுக்கத்தில் வெட்டப்பட்டது. மச்சு பிச்சுவில் போர் எதுவும் நடக்கவில்லை. அரச குடும்பம் சிதறியதும் அதை நடத்தப் பணமோ ஆளோ இல்லாமல் போனது, அவ்வளவே. குஸ்கோவில் இன்கா மாளிகைகளைப் பிரித்து அந்தக் கற்களாலேயே தேவாலயம் கட்டியவர்கள் இந்தப் பக்கம் வரவில்லை. போக நல்ல சாலை இல்லாததே ஊரைக் காத்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உருபாம்பாப் பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியில் கரும்பு, கோகோ, கோகா இலை, ரப்பர் வியாபாரம் செழித்தது. சரக்கு குஸ்கோவுக்குப் போக வேண்டும். பழைய வழிகளோ பனிமூடிய கணவாய்களைத் தாண்டிப் போயின. அதனால் பெரு அரசு ஆற்றை ஒட்டியே பாறையை வெடிவைத்துத் தகர்த்துக் கோவேறு கழுதைகள் போகும் பாதை ஒன்றைத் திறந்தது. இந்தப் பாதைதான் பல நூற்றாண்டுகளாக மறைந்திருந்த பள்ளத்தாக்கை வெளியாருக்குக் காட்டிக்கொடுத்தது. அப்பகுதியில் நிலம் குத்தகைக்கு எடுத்திருந்த அகுஸ்தீன் லிசாராகா, 1902 ஜூலை 14 அன்று மலையேறி, மச்சு பிச்சுவின் மூன்று சன்னல் கோயில் சுவரில் தம் பெயரையும் ஆண்டையும் கரியால் எழுதிவைத்தார்.

ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே பாதையில் வந்தார் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆசிரியர் ஹைரம் பிங்ஹாம். அவர் தேடிவந்தது மாங்கோ இன்காவின் வில்காபாம்பாவை. வழியில் குடிசை போட்டிருந்த மெல்சோர் அர்தேகா என்னும் விவசாயி, மேலே நல்ல இடிபாடுகள் இருப்பதாகச் சொன்னார். ஒரு சோல் கூலிக்கு வழிகாட்டவும் இசைந்தார். 1911 ஜூலை 24, தூறல் விழுந்த காலை. சீறிப் பாயும் ஆற்றின் மேல் கட்டைகளைக் கொடியால் கட்டியிருந்த பாலத்தில் பிங்ஹாம் தவழ்ந்து கடந்தார். நண்பகலில் மேலே சேர்ந்தபோது இரண்டு விவசாயக் குடும்பங்கள் அவரை வரவேற்று, சுரைக்குடுக்கையில் தண்ணீரும் வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும் கொடுத்தன. பச்சாகுட்டியின் படிக்கட்டு வயல்களில் அவர்கள் சோளமும் கிழங்கும் கரும்பும் பயிரிட்டுக்கொண்டிருந்தார்கள். இடிபாடுகளுக்கு அவரைக் கூட்டிச் சென்றது அங்கிருந்த ஒரு சிறுவன். ஆளிருந்து உழுது விளைந்த நிலத்தை ‘தொலைந்த நகரம்’ என்று சொல்வது சரியாகாது. உலகத்துக்கு அறிமுகம் செய்த பெருமை பிங்ஹாமுக்கு உண்டு. கண்டுபிடித்த பெருமை லிசாராகாவுக்கும் அர்தேகாவுக்கும் அந்த இரண்டு குடும்பங்களுக்கும் முதலில் போக வேண்டியது. லிசாராகாவின் பெயரைப் பிங்ஹாமே தம் குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்தும், காலப்போக்கில் அது பின்னுக்குப் போய்விட்டது.

1912இல் பிங்ஹாம் பெரிய குழுவோடு திரும்பிவந்து காடு வெட்டி, கல்லறைகளைத் தோண்டினார். நேஷனல் ஜியாகிரபிக் இதழ் 1913 ஏப்ரல் வெளியீடு முழுவதையும் இதற்கே ஒதுக்கியது. தோண்டியெடுத்த மண்கலங்களும் எலும்புகளும் யேலுக்குப் போயின. பெரு பல ஆண்டுகள் வாதாடிய பிறகு 2010இல் உடன்பாடு ஏற்பட்டு, அடுத்த இரண்டு ஆண்டுகளில் அவை திரும்பின. இப்போது அவை குஸ்கோவில் காசா கோன்சா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மலையேறுவதற்கு முன்பே அங்கே ஒருமுறை போய்வருவது நல்லது. மேலே வெறும் சுவராகத் தெரியும் அறைகளில் என்ன புழங்கினார்கள் என்பது அப்போதுதான் விளங்கும்.

ரயிலும் தோட்ட விளைச்சலுக்காகவே வந்தது. குஸ்கோவிலிருந்து சாந்தா ஆனா பள்ளத்தாக்கை நோக்கிக் குறுகிய தண்டவாளம் போடும் வேலை 1910களில் தொடங்கி, 1920களின் இறுதியில் மச்சு பிச்சுவின் அடிவாரத்தை எட்டியது. பாதை போட்ட தொழிலாளர்கள் வெந்நீர் ஊற்று ஒன்றின் அருகே முகாமிட்டார்கள். அந்த முகாமே இன்று விடுதிகள் நெருக்கியடித்து நிற்கும் ஆகுவாஸ் காலியெந்தேஸ் ஊர். வெளியிலிருந்து இந்த ஊருக்குக் கார் சாலை இன்றுவரை இல்லை. ஊரிலிருந்து மேலே ஏறும் கொண்டை ஊசி வளைவுச் சாலையை 1948இல் திறந்தபோது பிங்ஹாமும் வந்திருந்தார். அதற்கு அவர் பெயரே வைக்கப்பட்டது.

நடைபாதை மீண்டும் வெளிப்பட்டது மெதுவாகத்தான். 1915இல் பிங்ஹாம் குழு சில பகுதிகளைக் கண்டது. 1940–41இல் பால் ஃபெயோஸ் தலைமையில் வந்த ஆய்வுக்குழு வழியோர இடிபாடுகள் பலவற்றைக் காடு நீக்கி அளந்தது. இப்போது மக்கள் நடப்பது ரயில்பாதையின் 82ஆவது கிலோமீட்டரில் தொடங்கும் 43 கி.மீ. இதன் உச்சியான இறந்த பெண் கணவாய் 4,200 மீட்டருக்கு மேல். 1990களில் யார் வேண்டுமானாலும் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பலாம் என்றிருந்தது. குப்பையும் மண்ணரிப்பும் எல்லை மீறின. புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் விதிகள் வந்தன: உரிமம் பெற்ற நிறுவனம் வழியாகவே போகலாம், ஒருநாளைக்கு வழிகாட்டி, சுமையாள் எல்லோரையும் சேர்த்து 500 பேர், பிப்ரவரி முழுவதும் பராமரிப்புக்காக மூடல். பயணிகளுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 200 இடங்களே. மே முதல் ஆகஸ்டு வரையிலான சீட்டுகள் பல மாதம் முன்பே தீர்ந்துவிடுகின்றன. சுமையாளின் பாரம் 20 கிலோவைத் தாண்டக்கூடாது என்று 2001இல் வந்த சட்டத்தை ஒட்டி, தொடக்கச் சாவடியில் ஒவ்வொரு மூட்டையையும் தராசில் வைக்கிறார்கள். கெச்சுவா பேசும் மலையூர் விவசாயிகள் கூடாரமும் எரிவாயு உருளையும் முதுகில் கட்டி வரிசையில் நிற்க, முள் எல்லை தாண்டினால் பொருளை இறக்கச் சொல்கிறார்கள். விதிகளிலேயே மிகத் தேவையானது இதுதான். அதற்கு முன் அவர்கள் முதுகை யாரும் எடைபோட்டதில்லை.

மூன்றாவது வழி பிறந்தது பேரிடரால். 1998 பிப்ரவரியில் சேறும் பாறையும் அடித்துவந்து, மச்சு பிச்சுவுக்கு அப்பால் இருந்த ரயில்பாதையைப் பெயர்த்தெறிந்தன. அது முழுமையாகத் திரும்பக் கட்டப்படவில்லை. பாதை நீர்மின் நிலையத்தோடு நின்றுவிட்டது. செலவைக் குறைக்க விரும்புவோர் 4,316 மீட்டர் உயர மாலாகா கணவாயைச் சாலையில் தாண்டி அந்த நீர்மின் நிலையத்தில் இறங்கி, தண்டவாளத்தின் ஓரமாக 10 கி.மீ. நடக்கிறார்கள். மழைக்காலத்தில் மண்சரிவுக்கு அஞ்ச வேண்டிய வழி. ரயிலும் தப்பியதில்லை: 2010 ஜனவரி வெள்ளம் தண்டவாளத்தை அறுத்து, ஆயிரக்கணக்கானோரை ஹெலிகாப்டரில் மீட்க வைத்தது. ஏப்ரல் வரை இடிபாடுகள் மூடிக்கிடந்தன.

1983இல் யுனெஸ்கோ மச்சு பிச்சுவை உலக மரபிடமாக அறிவித்தது. 2007இல் புதிய ஏழு அதிசயங்களுள் ஒன்றாகத் தேர்வானது. தமிழ் ரசிகர்கள் 2010இல் வந்த ‘எந்திரன்’ படத்தின் கிளிமாஞ்சாரோ பாடலில் இந்தச் சுவர்களைப் பார்த்திருக்கிறார்கள். எல்லாப் படப்பிடிப்பும் நல்லபடியாக முடிந்ததில்லை. 2000இல் ஒரு பீர் விளம்பரத்துக்காகக் கொண்டுவந்த கிரேன் சாய்ந்து, இந்திவத்தானா என்னும் புனிதக் கல்லின் மேல்நுனியைச் சிதைத்தது. ஸ்பானியரிடமிருந்து தப்பிய கல் அது. இப்போது நாளொன்றுக்கு 4,500 பேர், நெரிசல் மிகுந்த நாட்களில் 5,600 பேர் வரை நுழையலாம். நேரமும் சுற்றும் குறித்த சீட்டு வேண்டும். 2024 முதல் மூன்று சுற்றுகள். முதல் சுற்று மேலிருந்து காணும் காட்சிக்கு, மற்ற இரண்டும் ஊருக்குள். எதைப் பார்க்க வேண்டும் என்று முடிவெடுத்த பிறகே சீட்டு வாங்க வேண்டும், உள்ளே போய்ச் சுற்றை மாற்ற முடியாது.

உயரக் கணக்கு பலரையும் ஏமாற்றுகிறது. மச்சு பிச்சுவை விடக் குஸ்கோ ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம். தலைவலியும் மூச்சிரைப்பும் விமானம் இறங்கும் அங்கேதான் தொடங்கும். முதல் இரண்டு இரவுகளை 2,790 மீட்டரில் இருக்கும் ஒல்லாந்தாய்தம்போவில் கழிப்பது உடலுக்கு இதம். இன்கா காலத் தெருக்களிலும் வாய்க்கால்களின் ஓரத்திலும் மக்கள் இன்னும் குடியிருக்கும் ஊர் அது. ரயிலும் அங்கிருந்தே கிடைக்கும். மே முதல் செப்டம்பர் வரை வறண்ட வானம். நவம்பர் முதல் மார்ச் வரை மழையும் மூடுபனியும்.

கூட்டம் வேண்டாம் என்பவருக்குச் சோக்கெகிராவ் இருக்கிறது. பிங்ஹாம் 1909இல் பார்த்த இன்கா ஊர் அது. அதைக் கண்ட பிறகுதான் வில்காபாம்பாவைத் தேடும் ஆசை அவருக்கு வந்தது. ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்தில் கிடக்கும் அதன் பெரும்பகுதி இன்னும் காட்டுக்குள்தான். கம்பிவடத் தொங்கூர்தி போடும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேச்சில் உள்ளது. அது வரும்வரை ஒரே வழி நடை. அபூரிமாக் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 1,500 மீட்டர் இறங்கி, எதிர்ச்சரிவில் அதே அளவு ஏற வேண்டும். போக இரண்டு நாள், திரும்ப இரண்டு நாள்.