தொம்மலூர் ஏரிநீரும் தூரதேசப் பறவைகளும்

தொம்மலூர் சொக்கநாத சுவாமி கோயிலுக்குச் செல்லும் தமிழர், அங்குள்ள கல்லெழுத்துகளைக் கண்டு வியப்பதுண்டு. கன்னட நாட்டின் தலைநகரில் 13ஆம் நூற்றாண்டின் தமிழ்க் கல்வெட்டுகள் அல்லவா அவை! இவ்வூர் அவற்றில் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் வழங்கப்படுகிறது. போசள மன்னன் வீரராமநாதன் அளித்த கொடையை ஒரு கல்வெட்டு கூறுகிறது. இறைவனுக்கு நிலம் வழங்கிய செய்தியைக் கூறும் மற்றொன்று, விண்ணமங்கலம் ஏரியைக் குறிப்பிடுகிறது. ஏரியின்றி இம்மேட்டு நிலத்தில் விளைவில்லை என்பதை அக்காலத்தார் நன்கு அறிந்திருந்தனர். அவர்கள் பயிருக்காக வெட்டிய ஏரிகளை நம்பி, அழையா விருந்தினராய் ஆண்டுதோறும் வந்து சென்ற பறவைகளின் வரலாறே நாம் இங்கே காணவிருப்பது.

பெங்களூர் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் அமைந்த நகரம். வற்றாத பேராறு எதுவும் இதன் நடுவே ஓடவில்லை. ஆதலின் முன்னோர், மழைநீர் வழிந்தோடும் பள்ளங்களில் கரை எழுப்பி, ஓர் ஏரி நிரம்பினால் அதன் மிகுநீர் அடுத்த ஏரிக்குச் செல்லுமாறு தொடராக ஏரிகளை அமைத்தனர். அவ்வேரிகள் கரையோரம் ஆழமுடையனவாகவும், எதிர்ப்புறம் மெல்லச் சரிந்து மேடேறுவனவாகவும் இருந்தன. மழைக்காலம் கழிந்து நீர் வற்ற வற்ற, அச்சரிவில் சேறு வெளிப்படும். அச்சேற்றில் புழுவும் நத்தையும் பூச்சியும் மலிந்திருக்கும்.

வடக்கே குளிர் கடுமையாகும் காலமும் இங்கே சேறு வெளிப்படும் காலமும் ஏறக்குறைய ஒன்றாகவே அமைந்தன. சைபீரியாவிலிருந்தும் வடதுருவத்தை அடுத்த சமவெளிகளிலிருந்தும் பொரி உள்ளான், கொசு உள்ளான் முதலியவை இமயத்தைக் கடந்து வந்திறங்கின. இவற்றுள் கொசு உள்ளான் சிட்டுக்குருவியினும் பெரிதன்று. இவ்வினத்தில் உருவிற் பெரியவற்றுள் ஒன்று குதிரை மலைக்கோட்டான். கோட்டான் என்றதும் ஆந்தையை நினைக்க வேண்டா. இது கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகால் சேற்றைத் துழாவி இரைதேடும் கரைப்பறவை. ஏரிகளைவிடக் கடலோரச் சேற்று நிலங்களிலேயே இதனை மிகுதியாகக் காணலாம்.

ஏரிக்கும் கடலோரத்திற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொம்மலூர்ப் பக்கத்து மழைநீர் செல்லகட்டப் பள்ளத்தாக்கின் வழியே பெள்ளந்தூர் ஏரியை அடைகிறது. அங்கிருந்து வர்த்தூர் ஏரிக்கும், பின்னர்த் தட்சிண பினாகினி ஆற்றுக்கும் செல்கிறது. அவ்வாறே ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையைத் தாண்டித் தென்பெண்ணை என்னும் பெயரோடு கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, விழுப்புரம் வழியே கடலூரருகில் கடலில் கலக்கிறது. நாம் விட்டு வந்த ஊர்களை நோக்கியே நம் தெருவின் நீர் ஓடுகிறது எனலாம். மேலே ஏரியில் கலக்கும் அழுக்கு, கீழே ஆற்றையும் அதன் முகத்துவாரத்தையும் அடையாமல் இராது.

பறவைகளைக் காப்பது நமக்குப் புதிய வழக்கமன்று. செங்கற்பட்டுச் சீமையில் வேடந்தாங்கல் மக்கள், தம் ஏரிக்கு வரும் கொக்கு, நாரை முதலியவற்றைத் துப்பாக்கியால் சுடுவதைத் தடுக்குமாறு ஆங்கில அதிகாரிகளிடம் முறையிட்டனர். 1798இல் மாவட்ட ஆட்சியர் லயனல் பிளேஸ் அவர்களுக்குப் பாதுகாப்பு ஆணை வழங்கினார். பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாகும் என்பதை அவ்வூர் உழவர் கண்டறிந்திருந்தனர். அறமும் பயனும் அங்கே ஒன்றாயின.

தொலைவிலிருந்து வரும் சிறு பறவைகளின் வழியை அறிவதோ எளிதன்று. 1883இல் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், அறிஞர் சலீம் அலியின் தலைமையில், பறவைகளை வலையிற் பிடித்து, எண் பொறித்த சிறு வளையத்தைக் காலில் பூட்டி விடுவித்தது. 1959இல் தொடங்கிய பெருந்திட்டத்தால் இப்பணி விரிவுற்றது. வளையமிட்ட பறவை வேறு நாட்டில் அகப்பட்டால் அதன் பயண வழி புலனாகும். இத்தகைய ஆய்வுக்குச் சிறந்த இடமாய் விளங்கிய கோடியக்கரை 1967இல் சரணாலயமாயிற்று. 2002இல் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது. அப்பட்டியலுக்கு அடிப்படையான உடன்படிக்கை 1971இல் ஈரான் நாட்டு ராம்சர் நகரில் உருவானது. இந்தியா 1982இல் அதில் இணைந்தது. மரக்காணத்தை அடுத்த கழுவேலியும் 2024இல் அப்பட்டியலில் சேர்ந்தது.

எனினும் காலந்தாழ்த்திய காவல் பயன்படாது என்பதற்கு ஒரு சான்று உண்டு. குதிரை மலைக்கோட்டானின் உறவினமாகிய மெல்லலகுக் கோட்டான், சைபீரியப் பகுதியில் இனம்பெருக்கி, மேற்கே மத்தியதரைக் கடற்கரைகளுக்கு வலசை சென்றது. வேட்டையும் சதுப்பு நிலங்களின் அழிவும் அதனை நலிவித்தன. 1995இல் மொராக்கோ நாட்டுக் கரையில் கண்டதே உறுதியான இறுதிக் காட்சி. 2025 அக்டோபரில் அவ்வினம் அற்றுப்போயிற்று என உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்தது. நம் கரைக்கு வரும் குதிரை மலைக்கோட்டானும் இன்று அச்சுறுத்தலை நெருங்கிய இனங்களின் வரிசையில் உள்ளது. வலசைப் பாதையில் ஒரு நாடு காத்து, மற்றொரு நாடு கைவிட்டால் பறவை பிழைக்காது.

நம் நகரின் நிலையையும் எண்ணிப் பார்ப்போம். தொம்மலூரை அடுத்த செல்லகட்ட ஏரி இன்று கோல்ப் ஆடுகளமாக இருக்கிறது. பெள்ளந்தூர் ஏரியில் கழிவுநீர் நுரையாய்ப் பொங்கி 2015இல் தீப்பற்றியது. 2017இலும் ஏரியில் தீ எழுந்தது. பின்னர்த் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டது. தூர்வாரும் பணியும் தொடங்கியது. ஏரிகளைச் சீர்திருத்தும் முயற்சி போற்றற்குரியதே. ஆயினும் அதில் ஒன்றைக் கருத வேண்டும். ஏரியைச் சுற்றிலும் ஒரே ஆழமாகத் தோண்டி, செங்குத்தான கரை எழுப்பி, நடைபாதை போட்டுவிட்டால் நீர் நிறைந்து அழகாகத் தோன்றும். நீந்தும் பறவைகளுக்கு அது போதும். சில அங்குல நீரில் நின்று இரைதேடும் உள்ளானுக்கோ அங்கே கால் ஊன்ற இடமிராது. முன்னோர் விட்டு வைத்த சரிவையும் சேற்றையும் வீண்நிலம் என்று நாம் தள்ளிவிடலாகாது.

ஆண்டுதோறும் ஜனவரித் திங்களில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. பொதுமக்களும் அதில் பங்கு கொள்ளலாம். அயல் மாநிலத்தில் குடியேறிய நாம், கன்னட நண்பர்களோடு கூடி அருகிலுள்ள ஏரிக்குச் சென்று, வந்துள்ள பறவைகளை எண்ணி எழுதி வைப்போமாக. ஏரியைச் சீர்செய்யத் திட்டம் வகுக்கும்போது, ஒரு புறத்தையேனும் சரிவாக விடுமாறு கேட்போமாக. கல்வெட்டிலே ஏரியைக் குறித்து வைத்தவர்களின் வழிவந்த நமக்கு அக்கடமை உண்டு.