ஒரே பெயர்கள், இரு நம்பிக்கைகள்: இறைவன், இறைத்தூதர் குறித்து இஸ்லாமும் கிறிஸ்தவமும் கூறுவது என்ன?

திருவனந்தபுரம்: கேரளத் தலைநகரின் பாளையம் பகுதியில் ஜும்ஆ பள்ளிவாசல், புனித சூசையப்பர் பேராலயம், கணபதி கோயில் ஆகிய மூன்றும் சில நிமிட நடைத் தொலைவுக்குள் அமைந்துள்ளன. 1813-ஆம் ஆண்டு அங்கு தங்கியிருந்த படைவீரர்களுக்காக எழுப்பப்பட்ட சிறிய தொழுகையிடமே இன்றைய பள்ளிவாசலின் தொடக்கம் எனக் கூறப்படுகிறது. பேராலயம் 1873-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மத நல்லிணக்கம் பற்றிய செய்திகளில் இந்த இடத்தின் ஒளிப்படம் தவறாமல் இடம்பெறும். ஆனால் அருகருகே வழிபடும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் எதில் ஒன்றுபடுகின்றனர், எதில் பிரிகின்றனர் என்பதை அந்த ஒளிப்படம் சொல்வதில்லை.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, கேரளத்தில் முஸ்லிம்கள் 26.56 சதவீதம், கிறிஸ்தவர்கள் 18.38 சதவீதம். திருவனந்தபுரம் மாவட்டத்தில் நிலைமை வேறு: கிறிஸ்தவர்கள் 19.10 சதவீதமாகவும் முஸ்லிம்கள் 13.72 சதவீதமாகவும் உள்ளனர். ஆதாம், ஆபிரகாம், மோசே, தாவீது, இயேசு, மரியாள் என இரு சமூகத்தினரும் போற்றும் பெயர்கள் பல. இஸ்லாமிய வழக்கில் இவர்களே ஆதம், இப்ராஹீம், மூசா, தாவூத், ஈசா, மர்யம். பெயர்கள் ஒன்றாக இருப்பதாலேயே குழப்பமும் மிகுதியாகிறது.

பொதுவாக இரு மதங்களையும் ஒப்பிடுவோர் இயேசுவை ஒரு தட்டிலும் முகமது நபியை மறு தட்டிலும் வைக்கின்றனர். இந்த ஒப்பீடு தொடக்கத்திலேயே தடம் மாறிவிடுகிறது. இஸ்லாமிய நம்பிக்கையில், இறைவன் மனிதகுலத்துக்கு அருளிய இறுதி வெளிப்பாடு குர்ஆன். அதைப் பெற்று மக்களிடம் சேர்த்தவர் முகமது நபி. கிறிஸ்தவ நம்பிக்கையில், இறைவனின் முழுமையான வெளிப்பாடு இயேசுவே. பைபிள் அவரைப் பற்றிச் சாட்சி கூறும் நூல். ஆகவே குர்ஆனுக்கு இஸ்லாத்தில் உள்ள இடம், கிறிஸ்தவத்தில் பைபிளைவிட இயேசுவுக்கே நெருக்கமானது. இதை மனத்தில் கொண்டால் மற்ற வேறுபாடுகள் பலவும் தாமாகவே விளங்கும்.

இறைவன் ஒருவனே, ஆனால்...

இரண்டும் ஓரிறைக் கொள்கை கொண்ட மதங்களே. இறைவன் ஒருவன், அவனே படைத்தவன், அவனே இறுதியில் தீர்ப்பு வழங்குபவன் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. 'அல்லாஹ்' என்பது வேறொரு கடவுளின் பெயர் என எண்ணுவோர் உண்டு. அரபு பேசும் கிறிஸ்தவர்களும் தங்கள் பைபிளிலும் வழிபாட்டிலும் அதே சொல்லையே பயன்படுத்துகின்றனர்.

பிரிவு, அந்த 'ஒருமை' எத்தகையது என்ற கேள்வியில் தொடங்குகிறது. இஸ்லாத்தின் அடித்தளமான 'தவ்ஹீத்', இறைவன் எவ்விதப் பகுப்பும் இணையும் இல்லாத ஒருவன் என்கிறது. குர்ஆனின் 112-ஆவது அத்தியாயம் நான்கே வசனங்கள் கொண்டது. இறைவன் யாரையும் பெற்றவனும் அல்லன், யாராலும் பெறப்பட்டவனும் அல்லன் என்பதே அதன் சாரம். இறைவனுக்கு இணை கற்பித்தல், அதாவது 'ஷிர்க்', பாவங்களில் மிகப் பெரியதாகக் கருதப்படுகிறது.

கிறிஸ்தவம் இறைவனைத் தந்தை, மகன், தூய ஆவி எனும் மூவொரு கடவுளாக நம்புகிறது. மூன்று கடவுள்கள் என்பது அதன் பொருளன்று. ஒரே இறைத்தன்மையில் மூன்று ஆள்கள் என்பதே திருச்சபைகளின் விளக்கம். 'மகன்' என்ற சொல்லும் உடல்வழிப் பிறப்பைக் குறிப்பதன்று; தந்தையோடு மகன் என்றென்றும் கொண்டுள்ள உறவையே அது குறிக்கிறது. கி.பி. 325-இல் நிசேயா நகரில் கூடிய ஆயர்களின் சங்கம், மகன் தந்தையோடு ஒரே இயல்புடையவர் என அறிவித்தது. 381-இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சங்கம் தூய ஆவியைப் பற்றிய கோட்பாட்டை விரிவுபடுத்தியது.

இயேசு எவ்வாறு ஒரே நேரத்தில் கடவுளாகவும் மனிதராகவும் இருக்க முடியும் என்ற கேள்வி கிறிஸ்தவர்களையே பிரித்தது என்பதையும் இங்குச் சொல்ல வேண்டும். 451-இல் கால்சிடோன் சங்கம் இயேசுவுக்கு இறையியல்பு, மனித இயல்பு என இரண்டு உண்டு என்றது. கேரளத்தின் மலங்கரை ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாயத் திருச்சபைகள் சார்ந்துள்ள மரபு அதை ஏற்காமல், இரண்டும் ஒன்றிணைந்த ஒரே இயல்பு என்கிறது. 1930-இல் மார் இவானியோஸ் தலைமையில் ரோமுடன் இணைந்த சீரோ மலங்கரை கத்தோலிக்கத் திருச்சபை கால்சிடோனை ஏற்கிறது. அதன் தலைமையிடம் திருவனந்தபுரத்தின் பட்டத்தில்தான் உள்ளது. 1,500 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு சொல்வழக்கு கேரளத்தில் இன்றும் திருச்சபைகளின் எல்லைக்கோடாக நிற்கிறது.

கேரளத்தில் இந்த விவாதம் அச்சேறியது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். மிஷனரிகள் இஸ்லாத்தை விமர்சித்துத் துண்டறிக்கைகளும் சொற்பொழிவுகளும் வழங்கிவந்த காலம் அது. வெளியங்கோட்டைச் சேர்ந்த சனாவுல்லா மக்தி தங்ஙள் (1847-1912) அரசு வேலையைத் துறந்து பதிலளிக்க முன்வந்தார். 1884-இல் வெளியான அவருடைய 'கடோர குடாரம்' மூவொரு கடவுள் கோட்பாட்டைக் கேள்விக்குள்ளாக்கியது. தலைப்பின் பொருள் 'கடுமையான கோடரி'. தொனியைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. கேரள முஸ்லிம்கள் பெரும்பாலும் அரபி மலையாளத்தில் எழுதிவந்த நாளில், மலையாள எழுத்திலேயே வாதாடியது அவருடைய சிறப்பு. வாதம் செய்ய வேண்டி அவர் கையாண்ட பொதுமொழி, அந்த வாதத்தைக் காட்டிலும் நீண்டகாலப் பயனைத் தந்தது எனலாம்.

நபி, தீர்க்கதரிசி, திருத்தூதர்

இறைத்தூதுத்துவம் பற்றிய வேறுபாட்டைத் தமிழ்ச் சொற்களிலிருந்தே தொடங்கலாம். தமிழ் முஸ்லிம்கள் 'நபி', 'ரசூல்', 'இறைத்தூதர்' என்கின்றனர். சீர்திருத்தத் திருச்சபையினருக்குப் பழகிய சொல் 'தீர்க்கதரிசி', கத்தோலிக்கருக்கு 'இறைவாக்கினர்'. கிறிஸ்தவ வழக்கில் 'திருத்தூதர்' என்றால் இயேசு தேர்ந்தெடுத்த சீடர்கள். 'வானதூதர்' என்றால் கபிரியேல் போன்றோர். இஸ்லாத்தில் 'இறைத்தூதர்' என்பது மனிதராகப் பிறந்து இறைச்செய்தியைப் பெற்றவரை மட்டுமே குறிக்கும். ஒரே 'தூதர்' என்ற சொல்லை மூவர் மூன்று பொருளில் பேசினால் உரையாடல் எங்கே போய் முடியும்?

உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை அறிந்தோருக்கு அதன் மூன்று காண்டங்களில் நடுவில் அமைந்துள்ள 'நுபுவ்வத்துக் காண்டம்' நினைவிருக்கும். 'நுபுவ்வத்து' என்பதே நபித்துவம். இஸ்லாமிய நம்பிக்கையில் அது முதல் மனிதரான ஆதமிடம் தொடங்கி முகமது நபியுடன் நிறைவடையும் ஒரே சங்கிலி. குர்ஆன் 25 நபிமார்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பெயர் சொல்லப்படாத பலரும் எல்லா மக்களினங்களுக்கும் அனுப்பப்பட்டனர் என்கிறது. அனைவரும் கொண்டுவந்த அடிப்படைச் செய்தி ஒன்றே: இறைவன் ஒருவனையே வணங்குங்கள். முகமது நபி 'நபிமார்களின் முத்திரை'. அவருக்குப் பின் நபி இல்லை.

கிறிஸ்தவப் பார்வையில் இந்தச் சங்கிலி வேறு திசையில் செல்கிறது. எசாயா, எரேமியா உள்ளிட்ட பழைய ஏற்பாட்டு இறைவாக்கினர்கள் மக்களைக் கண்டித்தனர், ஆறுதல் கூறினர்; வரவிருந்த மீட்பரை நோக்கி விரல் நீட்டினர். அவர் வந்துவிட்டதால், அவருக்குப் பின் புதிய வேதத்துடன் ஒருவர் வர வேண்டிய தேவையைக் கிறிஸ்தவம் காண்பதில்லை. முகமது நபியைக் கிறிஸ்தவர்கள் இறைத்தூதராக ஏற்காததற்கு அடிப்படைக் காரணம் இதுவே. இதைத் தனிப்பட்ட அவமதிப்பாகக் கொள்ள வேண்டியதில்லை. இயேசுவின் கடவுள் தன்மையை முஸ்லிம்கள் மறுப்பதையும் அவ்வாறே கொள்ள வேண்டியதில்லை.

நபிமார்களின் ஒழுக்கம் குறித்தும் வேறுபாடு உண்டு. நோவா மதுவில் மயங்கியதையும், தாவீது பிறர் மனைவியைக் கவர்ந்து அவள் கணவனைச் சாகவிட்டதையும் பைபிள் மறைக்காமல் விவரிக்கிறது. குறையுள்ள மனிதர்களைக் கொண்டே கடவுள் செயல்படுகிறார் என்பதற்கு இவை சான்று. பெரும்பாலான இஸ்லாமிய அறிஞர்களோ, நபிமார்கள் பெரும்பாவங்களிலிருந்து காக்கப்பட்டவர்கள் என்கின்றனர். எனவே தாவூத் நபி மீதான அந்தக் குற்றச்சாட்டை ஒரு முஸ்லிம் ஏற்பதில்லை.

மரியாளுக்கு ஓர் அத்தியாயம்

இயேசு கன்னியிடம் பிறந்தார், அற்புதங்கள் செய்தார், மெசியா என்ற பட்டம் பெற்றார், உலக முடிவுக்கு முன் மீண்டும் வருவார் என்பவற்றை முஸ்லிம்களும் நம்புகின்றனர். குர்ஆன் அவரை இறைவனிடமிருந்து வந்த 'வார்த்தை' என்றும் குறிப்பிடுகிறது. ஆனால் அந்த வார்த்தை, 'ஆகுக' என்ற படைப்புக் கட்டளை என்பதே இஸ்லாமிய விளக்கம். கிறிஸ்தவத்தில் அது கடவுளாகவே இருந்த வார்த்தை மனித உடலெடுத்ததைக் குறிக்கிறது. 'பரிசுத்த ஆவி'யும் அவ்வாறே: கிறிஸ்தவருக்கு அது கடவுள், முஸ்லிம் விளக்கவுரையாளர்களில் பெரும்பாலோருக்கு அது வானவர் ஜிப்ரீல்.

குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் மர்யம். 19-ஆவது அத்தியாயம் அவர் பெயரையே தாங்குகிறது. மரியாளின் கணவரான சூசையப்பர் பற்றியோ குர்ஆனில் பேச்சில்லை. வீரமாமுனிவர் தேம்பாவணியின் காப்பியத் தலைவராக்கிய அந்த வளனின் பெயரில்தான் பாளையம் பேராலயம் உள்ளது.

இருவரும் உறுதியாகப் பிரியும் இடம் சிலுவை. இயேசு சிலுவையில் மரித்து உயிர்த்தெழுந்தார் என்பது கிறிஸ்தவத்தின் மையம். அவர் கொல்லப்படவும் இல்லை, சிலுவையில் அறையப்படவும் இல்லை, இறைவன் அவரைத் தன்னிடம் உயர்த்திக்கொண்டான் என்பது குர்ஆனின் 4-ஆவது அத்தியாயம் கூறுவது. இதன் பின்னணியில் பாவம் பற்றிய இரு பார்வைகள் உள்ளன. ஆதாமின் வீழ்ச்சி மனித இயல்பையே காயப்படுத்தியது, அதைக் குணப்படுத்த மீட்பர் தேவை என்கிறது கிறிஸ்தவம். ஆதம் மன்னிப்புக் கேட்டார், மன்னிக்கப்பட்டார். ஒருவர் பாவத்தை மற்றவர் சுமப்பதில்லை என்கிறது இஸ்லாம். நோய் என்னவென்பதில் உடன்பாடில்லாதபோது மருந்திலும் உடன்பாடு இருக்காது. மீட்பரை எதிர்பார்ப்பவருக்கு நபி மட்டும் போதாது. வழிகாட்டியைத் தேடுபவருக்கு நபியே போதும்.

மொழியும் உருவமும்

வெளிப்பாடு நூலா, ஆளா என்ற வேறுபாடு அன்றாட வழிபாட்டிலும் தெரிகிறது. உலகின் எப்பகுதியானாலும் தொழுகையில் குர்ஆன் அரபியிலேயே ஓதப்படுகிறது. மொழிபெயர்ப்பு பொருள் விளக்கமே, குர்ஆன் அன்று. பைபிளோ மொழிபெயர்ப்பிலும் பைபிளே. சீகன்பால்கின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் தரங்கம்பாடியில் அச்சேறியபோது, அதையே வழிபாட்டில் வாசிக்கத் தடையேதும் இருக்கவில்லை. கடவுள் மனித உருவெடுத்தார் என நம்புவதால் கத்தோலிக்க ஆலயங்களில் சுரூபங்களுக்கு இடமுண்டு. பள்ளிவாசலில் உருவங்களுக்கு இடமில்லை. நபியின் உருவத்தை வரைவதையும் முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஏற்பதில்லை.

நபி மீதான அந்த மதிப்பு எவ்வளவு ஆழமானது என்பதை அறியாமல் பேசுவதும், அந்த மதிப்பின் பெயரால் வன்முறையில் இறங்குவதும் கேரளத்தைக் காயப்படுத்தியுள்ளன. கல்லூரி வினாத்தாள் ஒன்றில் இடம்பெற்ற உரையாடல் நபியை இழிவுபடுத்துவதாகக் கூறி, 2010 ஜூலை 4-ஆம் தேதி மூவாற்றுப்புழையில் பேராசிரியர் ஒருவரின் கை வெட்டப்பட்டது. முஸ்லிம் அமைப்புகள் பலவும் இத்தாக்குதலைக் கண்டித்தன. கொச்சி என்.ஐ.ஏ. நீதிமன்றம் 2015-இல் 13 பேரையும் 2023-இல் 6 பேரையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது.

வீட்டுக்குள்ளும் விவாதம்

இரு தரப்பும் ஒரே குரலில் பேசுவதாகவும் எண்ண வேண்டாம். திருவனந்தபுரம் கடற்கரையில் உள்ள பீமாபள்ளி தர்காவின் உரூஸ் விழாவுக்குப் பல மதத்தவரும் வருகின்றனர். அடக்கத்தலங்களில் வேண்டுதல் செய்வது தவ்ஹீதுக்கு முரணா என்பது முஸ்லிம்களிடையே நீடிக்கும் விவாதம். 'சுதேசாபிமானி' இதழை 1905-இல் தொடங்கிய வக்கம் மௌலவி (1873-1932) இதே மாவட்டத்துக்காரர். 1918-இல் அரபி மலையாளத்தில் அவர் கொண்டுவந்த 'அல் இஸ்லாம்' இதழ், நேர்ச்சை போன்ற வழக்கங்களை விமர்சித்தது. கிறிஸ்தவத்திலும் இதற்கு இணையான விவாதம் உண்டு. மரியாளிடமும் புனிதர்களிடமும் பரிந்துரை வேண்டுவது கத்தோலிக்க மரபு. தென்னிந்தியத் திருச்சபை போன்ற சீர்திருத்த மரபினர் அதை ஏற்பதில்லை.

இத்தனை வேறுபாடுகளுடனும் பேசிக்கொள்வது புதிதன்று. கி.பி. 781 வாக்கில், கிழக்குத் திருச்சபையின் தலைவர் முதலாம் திமொத்தேயு, அப்பாசியக் கலீபா அல் மஹ்தியின் முன்னிலையில் இதே கேள்விகளுக்கு விடையளித்தார். முகமதுவைப் பற்றி என்ன எண்ணுகிறீர் என்று கேட்கப்பட்டபோது, அவர் இறைவாக்கினர்களின் வழியில் நடந்தார் எனக் கூறினார். ஆனால் தம் நம்பிக்கையை விட்டுக்கொடுக்கவில்லை. கேரளத்து மார்த்தோமா கிறிஸ்தவர்கள் தொடர்பு கொண்டிருந்த திருச்சபை அதுவே. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், ஓரிறைவனை வணங்குவோர் என முஸ்லிம்களை மதிப்புடன் குறிப்பிட்டது. 2019-இல் அபுதாபியில் போப் பிரான்சிசும் அல் அஸ்ஹர் தலைமை இமாம் அகமது அல் தய்யிபும் மனித சகோதரத்துவ ஆவணத்தில் கையெழுத்திட்டனர்.

திருவனந்தபுரத்துக்கு வடக்கே உள்ள கொல்லத்தோடு தொடர்புடைய இன்னும் பழைய கையெழுத்துகள் உள்ளன. கி.பி. 849-இல் வேணாட்டு ஆட்சியாளர் அய்யனடிகள், தரிசாப்பள்ளி என்ற கிறிஸ்தவ ஆலயத்துக்கு நிலமும் உரிமைகளும் வழங்கிய செப்பேடுகள் அவை. வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட அந்த ஆவணத்தின் இறுதியில் சாட்சிகளின் ஒப்பங்கள் உள்ளன: பஹ்லவி எழுத்தில் சில, எபிரேய எழுத்தில் சில, அரபியின் கூஃபி எழுத்தில் சில.