திரையில் அடிமைப் பெண்ணின் பேச்சு

அமெரிக்க அடிமை முறையைக் கதைப்பொருளாகக் கொண்ட திரைப்படங்களில் இனமும் பாலும் எவ்வாறு காட்டப்படுகின்றன என்ற ஆராய்ச்சி பொதுவாகக் காட்சியிலிருந்தே தொடங்குகிறது. நிறம், உடை, சாட்டை, காயம்பட்ட முதுகு ஆகியவை கண்ணில் படுகின்றன. மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் வேறொரு வாயில் உண்டு. இப்படங்களில் யாருக்கு எந்த மொழி வழங்கப்படுகிறது, யாருடைய பேச்சு விளங்கவைக்கப்படுகிறது என்பதே அது. அவ்வழியே நோக்கினால், இனவேற்றுமை தளர்ந்த பின்னரும் பால்வேற்றுமை நெடுங்காலம் தளராமலிருந்தது புலப்படும்.

இவ்விரண்டும் தனித்தனியே வளர்ந்தவை அல்ல. பிறக்கும் குழந்தை அடிமையா அன்றா என்பதைத் தாயின் நிலையே முடிவு செய்யும் என வர்ஜீனியாக் குடியேற்றம் 1662இல் சட்டம் இயற்றியது. அன்று முதல் அடிமைப் பெண்ணின் கருப்பை உடையவனின் சொத்துக் கணக்கில் சேர்ந்தது. இனத்தின் எல்லையைக் காத்துநின்றது பெண்ணுடல் என்பதை மனத்திற்கொண்டே திரைப்படங்களைக் காணவேண்டும்.

1939இல் வெளிவந்த 'கான் வித் த விண்ட்' படத்தில் ஹாட்டி மெக்டேனியல் ஏற்ற பாத்திரத்திற்குப் பெயரே கிடையாது. 'மாமி' என்பது பணிப்பெயர். வெள்ளையர் வீட்டுக் குழந்தைகளை வளர்க்கும் கறுப்பினப் பெண்ணைக் குறிப்பது. இதனைத் தமிழில் 'ஆயா' என்று பெயர்த்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் ஆயா கூலி பெறுபவள். அச்சொல்லை இட்ட மாத்திரத்தில் அடிமை முறை மறைந்து, சற்றே கண்டிப்பான ஒரு பணிப்பெண் எஞ்சுகிறாள். படத்தின் நோக்கமும் ஏறத்தாழ அதுவே என்பதால் பெயர்ப்பு பொருத்தமாகக்கூடத் தோன்றிவிடும். இடர் அங்கேதான் உள்ளது.

அவள் பேச்சின் அமைப்பு நுணுகி நோக்கத்தக்கது. ஸ்கார்லெட்டை அதட்டுகிறாள், உண்ணச் சொல்கிறாள், உடையைத் திருத்துகிறாள். ஏவல் வினைகள் மிகுதி. ஆயினும் விளிக்கும்போது பெயரின் முன் 'மிஸ்' என்னும் மரியாதை அடை தவறாமல் வருகிறது. அதிகாரம் வினையிலும் பணிவு விளியிலுமாகப் பிரிந்து நிற்கின்றன. ஆங்கிலத்தில் முன்னிலைப் பெயர் ஒன்றே ஆகையால் இப்பிளவு அங்கு உறுத்துவதில்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் 'நீ', 'நீங்கள்' இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். 'நீ' என்றால் தாயாகிறாள். 'நீங்கள்' என்றால் வேலைக்காரியாகிறாள். அவளோ இரண்டும் அல்லள்.

அவள் பேசிய தென்மாநிலக் கிளைமொழியும் நடிகைக்கு இயல்பானதன்று. மெக்டேனியல் கான்சஸில் பிறந்தவர். அடிமையாயிருந்து விடுதலை பெற்றவரின் மகள். ஜார்ஜியாவைச் சேர்ந்த சூசன் மைரிக் என்ற வெள்ளையின இதழாளர் அப்படத்தின் பேச்சு வழக்குகளைத் திருத்தப் பணியமர்த்தப்பட்டிருந்தார். 1940இல் மெக்டேனியல் ஆஸ்கர் பரிசு பெற்றார். விருந்தில் அவருக்குத் தனி மேசை போடப்பட்டது. இக்கிளைமொழியைத் தமிழாக்குவோர் நம் நாட்டின் ஏதேனும் ஒரு சாதியாரின் அல்லது வட்டாரத்தாரின் பேச்சைக் கொண்டுவந்து பொருத்துவது எளிது. அவ்வாறு செய்தால் ஓர் இழிவு மற்றோர் இழிவாகப் பெயர்க்கப்படுமேயன்றி வரலாறு பெயர்க்கப்படாது.

1997இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய 'அமிஸ்டாட்' இந்நிலையைப் பெரிதும் மாற்றியது. அதில் அடிமைகளாகக் கடத்தப்பட்டோர் தம் மெண்டே மொழியில் பேசுகின்றனர். படத்தின் அடியில் மொழிபெயர்ப்பு வரிகள் எல்லா இடத்திலும் வருவதில்லை. விளங்காமையின் சுமை சிறிது நேரம் பார்வையாளர் மேல் ஏற்றப்படுகிறது. நல்ல உத்தி. ஆனால் நம் துறைக்கு இப்படம் இழைத்த அநீதி ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். 1839இல் யேல் கல்லூரியைச் சேர்ந்த ஜோசையா கிப்ஸ் என்ற மொழியறிஞர் கைதிகளிடமிருந்து ஒன்று முதல் பத்து வரையிலான எண்ணுப்பெயர்களைக் கற்றுக்கொண்டு, நியூயார்க் துறைமுகத்தில் அவற்றை உரக்கச் சொல்லி நடந்தார். ஜேம்ஸ் கவி என்ற மெண்டே மாலுமி அதைப் புரிந்துகொண்டார். வழக்கிற்கு மொழிபெயர்ப்பாளர் கிடைத்தார். 1841இல் உச்ச நீதிமன்றம் கைதிகளை விடுவித்தது. படத்திலோ கிப்ஸ் தெரியாத மொழியைத் தெரிந்தவர்போல் நடிக்கும் நகைப்புப் பாத்திரம். எண்ணிச் சொல்லும் செயல் வேறிருவருக்குத் தரப்பட்டுவிட்டது.

இதனினும் பெரிய இழப்பு வேறு. அக்கப்பலில் இருந்த 53 பேருள் மூவர் சிறுமியர். அவர்களுள் மார்க்ரு என்பவள் பின்னர் ஒபர்லினில் கல்வி பயின்று, சியரா லியோன் திரும்பி ஆசிரியையானாள். படத்தில் கதையை நகர்த்தும் பேச்சு இம்மூவருள் எவருக்கும் இல்லை. சிங்கே நீதிமன்றத்தில் எழுந்து ஆங்கிலத்தில் விடுதலை கேட்கிறான். பெண்ணோ கடற்பயணக் காட்சியில் கைக்குழந்தையுடன் ஓசையின்றிக் கடலில் வீழ்கிறாள். ஆணுக்குச் சொல், பெண்ணுக்குச் சாவு என்ற பங்கீடு இது.

'அமிஸ்டாட்' படத்தில் மொழிபெயர்ப்பாளர் கவியாக நடித்த சிவெட்டல் எஜியோஃபர், 2013இல் வெளிவந்த 'ட்வெல்வ் இயர்ஸ் எ ஸ்லேவ்' படத்தில் சாலமன் நார்த்தப்பாக நடித்தார். இதில் பாட்ஸி என்ற அடிமைப் பெண் பேசுகிறாள். ஆனால் அவள் சொல் நம்மை வந்தடையும் வழி நீண்டது: நார்த்தப்பின் நினைவு, 1853இல் அதனை நூலாக்கிய டேவிட் வில்சன் என்ற வெள்ளையரின் எழுத்து, பின்னர் ஜான் ரிட்லியின் திரைக்கதை. நூலில் பாட்ஸியை மறைவாகக் கொல்ல நார்த்தப்பிற்குக் கையூட்டு தர முன்வருபவள் எஜமானி. படத்தில் பாட்ஸியே தன்னைக் கொல்லுமாறு அவரிடம் மன்றாடுகிறாள். வினை அதுவே, எழுவாய் மாறிவிட்டது. ஒரு வெள்ளைப் பெண்ணின் குற்றம் கறுப்பினப் பெண்ணின் வேட்கையாகிவிட்டது.

அதே படத்தில் சோப்புக் காட்சியும் உள்ளது. எஜமானி குளிக்கச் சோப்புத் தராததால் பக்கத்துத் தோட்டத்திற்குச் சென்று வாங்கி வந்ததாகப் பாட்ஸி கூறுகிறாள். இது நூலிலும் உண்டு. தன்மை இடத்தில் நின்று, காரணம் காட்டி, தன் உழைப்பையும் உரிமையையும் எடுத்துரைக்கும் வாதம் அது. என் மதிப்பில், அடிமை முறை பற்றிய திரைப்படங்களில் பெண்ணுக்கு வாய்த்த மிகச் சிறந்த வசனம் இதுவே. மன்றாட்டை மொழிபெயர்ப்பது எளிது. இவ்வாதத்தைக் கெஞ்சலாக ஒலிக்கவிடாமல் பெயர்ப்பதே கடினம்.

கதைப்படங்கள் தராத பேச்சை ஆவணப்படம் ஒன்று தேடிச்சென்றது. லொரென்ஸோ டோ டர்னர் என்ற கறுப்பின மொழியியலார் 1930களின் தொடக்கத்தில் ஜார்ஜியாக் கடற்கரையில் கல்லா மொழி பேசும் அமீலியா டாலி என்ற பெண்ணிடமிருந்து ஒரு பாட்டைப் பதிவு செய்தார். அடிமைகளின் மொழி சிதைந்த ஆங்கிலமே என்ற கருத்தை அவருடைய 1949ஆம் ஆண்டு நூல் தகர்த்தது. 1998இல் வெளிவந்த 'த லாங்வேஜ் யூ க்ரை இன்' என்ற படம் அப்பாட்டின் ஊரைத் தேடிய கதையைச் சொல்கிறது. சியரா லியோன் மொழியியலார் தாசீஃப் கொரோமா அதிலுள்ள ஒரு சொல் தென்பகுதி மெண்டே வழக்கிற்கு உரியது என்று கண்டார். செனெஹுன் ங்கோலா என்ற ஊரில் பெண்டு ஜபாத்தி என்ற பெண் அதனை ஒத்த பாட்டை அறிந்திருந்தார், பாட்டியிடம் கற்றது. இறந்தோர்க்கான சடங்கில் பெண்கள் பாடிய பாட்டு அது. அமீலியாவின் மகள் மேரி மோரன் 1997இல் அங்குச் சென்று பெண்டுவைச் சந்தித்தார். தாயிடம் கற்ற அப்பாட்டை மோரன் அதுவரை ஒரு விளையாட்டுப் பாட்டாகவே அறிந்திருந்தார்.