ஜோராசாங்கோவுக்கு வந்த ஜப்பானிய ஓவியர்

கொல்கத்தா படா பஜாரில் கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்கு ஜோராசாங்கோ கூப்பிடு தூரம்தான். தாகூர் வீட்டு வாசலைத் தாண்டி எத்தனையோ முறை சரக்கு வண்டியோடு போயிருக்கிறேன். அந்த வீட்டை நம்பி ஒரு ஜப்பானிய ஓவியர் கடல் தாண்டி வந்து கற்பித்தார் என்பது வெகுகாலம் எனக்குத் தெரியாது. அவர் பெயர் அராய் காம்போ (1878–1945). ஓவியர்களை அயல்நாட்டுக்கு அழைத்து, தங்க இடம் கொடுத்து வரையச் சொல்வதை இன்று 'ரெசிடென்சி' என்கிறார்கள். பெயர்தான் புதுசு, வழக்கம் பழசு.

1916இல் தாகூர் ஜப்பான் சென்றபோது யோகோஹாமாவில் ஹாரா தொமிதாரோ என்ற பட்டு வணிகரின் தோட்ட மாளிகையில் தங்கினார். (கலையைக் காத்தவர்களில் வியாபாரிகளும் உண்டு, பாருங்கள்!) அங்கே ஷிமோமுரா கான்சான் தீட்டிய ஓர் ஓவியம் அவர் மனத்தைப் பறித்தது. கண்ணில்லாத இளைஞன் ஒருவன் மறையும் சூரியனைக் கும்பிட்டு நிற்கும் காட்சி அது. அதன் படி ஒன்று வேண்டுமென்று விரும்பினார். படியெடுத்துக் கொடுத்தவர் காம்போ. 'கொக்கா' என்னும் கலை இதழுக்காகப் பழைய பௌத்த ஓவியங்களைப் படியெடுத்துத் தேர்ந்த கை அவருடையது. வேலையைப் பார்த்த தாகூர், "இந்தியாவுக்கு வாருங்கள்" என்று அழைத்துவிட்டார்.

அவ்வாண்டு இறுதியில் காம்போ இங்கு வந்து சேர்ந்தார். 1903இலேயே தைக்கான், ஷுன்சோ என்ற இரு ஜப்பானிய ஓவியர்கள் வந்து போயிருந்ததால் தாகூர் குடும்பத்துக்கு அந்த மரபு புதிதல்ல. ஜோராசாங்கோவின் 'விசித்ரா' கலைக்கூடத்தில் காம்போ ஜப்பானியத் தூரிகை முறையைக் கற்பித்தார். நந்தலால் போஸ் அவரிடம் மைத்தூரிகை பழகினார்.

கற்பிக்க வந்தவர் கற்கவும் செய்தார். 1917-18 குளிர்காலத்தில், சாவாமுரா என்ற அறிஞர் தலைமையில் ஜப்பானிலிருந்து வந்த குழுவோடு அஜந்தா சென்று, இருண்ட குகைகளில் சுவரோவியங்களைப் படியெடுத்தார். 1918இல் நாடு திரும்பினார். ஆனால் அந்தப் படிகள் 1923ஆம் ஆண்டுப் பெரும் பூகம்பத் தீயில் தோக்கியோவில் எரிந்து போயின.

அஜந்தாப் படிகளுக்கு என்ன தலைவிதியோ தெரியவில்லை. மதராஸ் படையைச் சேர்ந்த ராபர்ட் கில் பாடுபட்டு எடுத்த படிகளில் பெரும்பாலானவை 1866இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் தீயில் அழிந்தன. பம்பாய் ஓவியப்பள்ளி மாணவர்களைக் கொண்டு கிரிஃபித்ஸ் எடுத்தவற்றில் பலவும் 1885இல் லண்டனிலேயே எரிந்தன. காம்போ குழுவினருடையது மூன்றாவது.

அவர் மனம் தளரவில்லை. 1940இல் ஜப்பானின் ஹோர்யூஜி கோயிலில், சுமார் 1,300 ஆண்டுப் பழமையான சுவரோவியங்களைப் படியெடுக்கும் பணி தொடங்கியது. அஜந்தாச் சாயல் உண்டு என்று அறிஞர்கள் சொல்லும் ஓவியங்கள் அவை. அதற்குத் தலைமை தாங்கிய நால்வரில் காம்போவும் ஒருவர். வேலை முடியுமுன்பே 1945இல் காலமானார். 1949 ஜனவரி 26 அன்று, படியெடுப்பு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, அந்த மண்டபம் தீப்பற்றி ஓவியங்கள் நிறமிழந்து கருகின. ஓவியர்கள் எடுத்த படிகளையும் 1935இல் எடுத்த புகைப்படங்களையும் வைத்துத்தான் 1967-68இல் புதிதாக வரைந்து அங்கே பொருத்தினார்கள்.

வியாபாரி புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்தேன். அஜந்தாவில் மூலம் தங்கியது, அவர் எடுத்த படி போயிற்று. ஹோர்யூஜியில் மூலம் போயிற்று, படி தங்கியது. எது போகும், எது தங்கும் என்று படியெடுக்கிறவனுக்குத் தெரியாது. அவன் வேலையைச் செய்துவிட்டுப் போகிறான்.

எங்கள் சமண மரபில் ஏட்டைப் படியெழுதித் தருவது சாத்திர தானம். பத்தாம் நூற்றாண்டில் அத்திமப்பை என்ற அம்மையார் பொன்னரின் சாந்தி புராணத்தை ஆயிரம் படி எழுதுவித்ததாகச் சொல்வார்கள். ஏட்டுக்குச் செய்ததை ஓவியத்துக்கு நாம் போதிய அளவு செய்யவில்லை என்பதே என் ஆதங்கம். சின்ன வயதில் சித்தன்னவாசலில் அப்பா தூண் நடன மங்கையை விரலால் காட்டியபோது எனக்குத் தெரிந்தாள். போன முறை என் பேரனுக்குக் காட்டினேன். "எங்கே தாத்தா?" என்று கேட்டான்.

கூரையில் தாமரைக் குளம் இன்னும் இருக்கிறது. தூரிகை பிடிக்கும் இளைஞர்கள் நம் சங்கத்தில் இருந்தால், ஒரு மாதம் அங்கே போய்த் தங்கிப் பார்த்து வரையட்டும். போக்குவரத்துச் செலவு என்னுடையது.